‘மனநிலை சரியில்லை’ என்றால் விட்டுவிடுவார்களா?

கொலை வழக்குச் செய்தி ஒன்று வருகிறது. கடைசிப் பத்தியில், சந்தேக நபர் மனநலப் பரிசோதனைக்காக மூன்று வாரம் விசாரணைக் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார் என்று ஒரு வரி. அவ்வளவுதான், தேக்கா காப்பிக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு ஒரே திசையில் போகும்: “பாரு, இனி மென்டல்னு சொல்லித் தப்பிச்சிடுவான்.”

முதலில் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கமான நடைமுறை. அவர் கேட்டுத்தான் அது நடக்கிறது என்று இல்லை. மருத்துவர் அறிக்கை அவருக்குச் சாதகமாகத்தான் வரும் என்றும் இல்லை. “நோய் எதுவும் இல்லை, செய்தது என்னவென்று தெரிந்தே செய்தார்” என்று எழுதிவிட்டால் அந்த அறிக்கை அரசுத் தரப்பின் கைக்குப் போய்ச் சேரும்.

சரி, அப்படியானால் மனநோயைக் காரணம் காட்டி ஒருவர் தப்பிக்கவே முடியாதா? சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அகலமான வழி இல்லை. அதன் மறுமுனையில் வீட்டுக் கதவும் இல்லை.

குற்றவியல் சட்டம் செயலை மட்டும் பார்ப்பதில்லை, செய்தவரின் மனத்தையும் பார்க்கிறது. ஆறு வயதுப் பிள்ளை தீக்குச்சி கிழித்து வீடு எரிந்துவிட்டால் யாரும் அந்தப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்வதில்லை. குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயது இங்கே முன்பு 7 ஆக இருந்தது. 2019ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டச் சீர்திருத்தம் அதை 10 ஆக்கியது. அதைப் பற்றி யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அதே நியாயம்தான் கடும் மனநோயில் இருப்பவருக்கும் நீட்டப்படுகிறது. தான் வெட்டுவது மனிதரை என்றே உணராத அளவுக்கு ஒருவரின் அறிவு கலங்கியிருந்தால், அவரைத் தண்டிப்பதில் என்ன பொருள் இருக்கிறது? பிள்ளை என்றால் உடனே ஒப்புக்கொள்கிற மனம், வளர்ந்த ஆள் என்றால் தயங்குகிறது. பிள்ளையின் வயது கண்ணுக்குத் தெரிகிறது, நோய் தெரிவதில்லை என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கான விதி தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. மெக்காலே தலைமையிலான குழு வரைந்து, 1860இல் இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தின் வழியில், 1871இல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்காக (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) இயற்றப்பட்டது நம் சட்டம். அதனால் பிரிவின் எண்கூட ஒன்றாகவே இருந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அங்கே அது 22ஆம் பிரிவாகிவிட்டது. சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த சட்டம் படித்த நண்பர்களிடம் பேசும்போது எண் குழப்பம் வந்தால் காரணம் இதுதான்.

84ஆம் பிரிவின் இன்றைய வடிவம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநலக் கோளாறால், மூன்று நிலைகளில் ஒன்றில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். செய்வது என்னவென்றே அறிய முடியாத நிலை ஒன்று. அது தவறு என்று அறிய முடியாத நிலை இன்னொன்று. மூன்றாவது, தம் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முற்றிலும் இழந்த நிலை. இந்த மூன்றாவது, சீர்திருத்தத்தின்போது புதிதாகச் சேர்ந்தது. ‘முற்றிலும்’ என்பதைக் கவனியுங்கள். கோபம் தலைக்கேறியது, கை மீறிப்போய்விட்டது என்பதெல்லாம் இங்கே செல்லாது.

இரண்டாவது நிலைக்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. கடவுள் தமக்குக் கட்டளையிட்டார், ஒருவரைக் கொல்வது அறமே என்று ஒருவர் பிரமையில் நம்புகிறார். ஆனால் கொலை சட்டத்துக்கு விரோதம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கொன்றால் இந்தத் தற்காப்பு, அதாவது குற்றப் பொறுப்பிலிருந்து விலக்குக் கேட்கும் வாதம், அவருக்குக் கிடையாது. அதாவது, நல்லவர்கள் பார்வையில் தவறு என்பதும் தெரிந்திருக்கக் கூடாது, சட்டப்படி தவறு என்பதும் தெரிந்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தெரிந்திருந்தாலும் கதவு மூடிக்கொள்ளும். இது எனக்குச் சற்றுக் கடுமையாகவே படுகிறது. காதில் கடவுளின் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்கு ‘சட்டப்படி இது தவறு’ என்ற அறிவு எந்த அளவுக்குத் துணை நிற்கும்? ஆனால் நாடாளுமன்றம் எடுத்த முடிவு அது. சட்டம் தளர்வாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் இந்த எடுத்துக்காட்டை ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்னொன்று: மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தோளில் இருக்கிறது. குற்றத்தை அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இதிலோ, தாம் அந்த நேரத்தில் அந்த நிலையில் இருந்ததற்கே வாய்ப்பு அதிகம் என்று அவர்தான் காட்ட வேண்டும். முன்பு சிகிச்சை எடுத்த பதிவு, சம்பவத்துக்கு முந்தைய நாள்களில் நடந்துகொண்ட விதம், பார்த்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் தேவைப்படும். நீதிமன்றத்தில் விழித்த பார்வை பார்ப்பதால் எதுவும் நடக்காது. குடித்துவிட்டுச் செய்தேன் என்பதும் பொதுவாக எடுபடாது. தானாகக் குடித்த குடிக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன, அவை கறாரானவை.

எல்லாம் தாண்டி 84ஆம் பிரிவின்கீழ் ஒருவர் விடுவிக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புச் செய்தியில் ‘விடுதலை’ என்று வரும், வாட்ஸ்அப் குழு கொதிக்கும். நடப்பது வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்ப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். செய்திருந்தால் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்க உத்தரவிட்டு, அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும். அமைச்சர் அவரை மனநல மருத்துவமனையிலோ சிறையிலோ தகுந்த வேறோர் இடத்திலோ, அதிபரின் விருப்பம் உள்ளவரை அடைத்துவைக்க ஆணையிடலாம். இத்தனை ஆண்டு என்று முன்கூட்டிக் கணக்கு இல்லை. தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யமாட்டார் என்று பொறுப்பில் உள்ளவர்கள் சான்று அளித்த பிறகுதான் வெளியே விடும் பேச்சே வரும். சிறைத் தண்டனைக்கு முடிவுத் தேதி உண்டு. இதற்கு இல்லை. ‘தப்பித்தான்’ என்று சொல்வதற்கு முன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பொதுமக்கள் கோபத்தில் பாதி, தனித்தனியான விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. விசாரணையைப் புரிந்துகொண்டு தம் தரப்பைச் சொல்லும் நிலையில் ஒருவர் இப்போது இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. இல்லை என்றால் வழக்கு நிற்கும். குணமானால் மறுபடி தொடங்கும். அது விடுதலை இல்லை. சம்பவத்தின்போது எப்படி இருந்தார் என்பது 84ஆம் பிரிவின் கேள்வி. இவை இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றுதான் நாம் செய்தியில் அடிக்கடி பார்ப்பது: குறைந்த பொறுப்புநிலை.

குறைந்த பொறுப்புநிலை என்பது கொலைக் குற்றத்துக்கான விதிவிலக்கு. 1961இல் நம் சட்டத்தில் சேர்க்கப்பட்டது, 300ஆம் பிரிவின் 7ஆம் விதிவிலக்கு. இதில் யாரும் விடுதலையாவதில்லை. மனக் கோளாறு ஒருவரின் பொறுப்பைக் கணிசமாகக் குறைத்திருந்தால், கொலைக் குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையும். மரண தண்டனை நீங்கும். ஆயுள் சிறையோ 20 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம், பிரம்படியும் சேரலாம். இங்கே மனநோய் வாதத்தின் கனமெல்லாம் இந்த விதிவிலக்கில்தான் இருக்கிறது. தூக்குக் கயிறு இருக்கிற நாட்டில் அதற்கும் சிறைக்கும் இடையிலான கோடு என்பதால் இரண்டு தரப்பும் இதற்காக விடாமல் மோதும்.

சிங்கப்பூரர்களின் நினைவில் இந்த மோதல் பதிந்தது தோ பாயோ வழக்கில். 1981இல் ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். சாமியாடி என்று சொல்லி ஊரை ஏமாற்றிய ஏட்ரியன் லிம்மும் அவருடன் இருந்த இரண்டு பெண்களும் 1983இல் விசாரிக்கப்பட்டார்கள். கொன்றது யார் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. மூவரின் மனநிலைதான் வழக்கின் மையம். தற்காப்புத் தரப்பு மனநல மருத்துவர்கள் ஒன்று சொல்ல, அரசுத் தரப்பு மருத்துவர் வேறொன்று சொன்னார். விசாரித்த இரு நீதிபதிகளில் ஒருவர் டி. எஸ். சின்னத்துரை. குறைந்த பொறுப்புநிலை வாதம் ஏற்கப்படவில்லை. மூவரும் 1988 நவம்பர் 25இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்த வழக்கைச் செய்தித்தாளில் பின்தொடர்ந்த தலைமுறைக்கு இரண்டு எண்ணங்கள் நிலைத்தன. மனநோய் என்பது வக்கீல் எடுத்துவிடுகிற கடைசிச் சீட்டு என்பது ஒன்று. காசு கொடுத்தால் எந்த டாக்டரும் எதையும் சொல்வார் என்பது இன்னொன்று. முதலாவது அநியாயம். இரண்டாவது முழுக்க அநியாயம் என்று சொல்லமாட்டேன். அரைகுறை அறிக்கைகளை நீதிபதிகளே சாடியது உண்டு. 2018இல் நிறைவேறிய குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டம், தகுதி பார்த்துச் சேர்க்கப்பட்ட மனநல மருத்துவர் குழு ஒன்றுக்கு வழிசெய்ததே இந்தக் கவலையால்தான்.

‘திட்டம் போட்டுச் செய்தவனுக்கு என்ன நோய்?’ என்பது இன்னொரு வழக்கமான கேள்வி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனநோயில் எல்லாரும் தலைவிரி கோலமாய்த் தெருவில் ஓடுவதில்லை. மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம், எந்த ஆதாரத்தாலும் அசையாத நோயாகவே சிலரிடம் முற்றும். வேலைக்குப் போவார்கள், கணக்கு வழக்குப் பார்ப்பார்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உண்மையிலிருந்து அறுந்துபோயிருப்பார்கள். மனைவியைக் கொன்ற ஒருவருக்கு உயர் நீதிமன்றம் விதித்த கொலைத் தீர்ப்பை, இப்படிப்பட்ட நோயின் அடிப்படையில் 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. திட்டமிடும் மூளையும் நோயுற்ற நம்பிக்கையும் ஒரே தலைக்குள் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

நம் ஊர்க்காரர்களின் மனம் எப்படி மாறுகிறது என்பதற்கு இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2016இல் மியன்மார் பணிப்பெண் ஒருவர், வேலை செய்த வீட்டிலேயே பட்டினி போடப்பட்டு, அடித்து வதைக்கப்பட்டு இறந்தார். இறக்கும்போது எடை 24 கிலோ. முதலாளி தமிழ்ப் பெண். பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வும் ஆளுமைக் கோளாறும் இருந்ததாக மருத்துவர்கள் சொன்னதால் அரசுத் தரப்பே கொலைக் குற்றச்சாட்டைக் குறைத்தது. 28 குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார். 2021 ஜூனில் 30 ஆண்டு சிறை. “பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் இப்படியா செய்கிறார்கள்?” என்று நம் பெண்களே அடித்துப் பேசினார்கள். நம்மில் ஒருவர் என்ற வெட்கமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது.

சில மாதங்களிலேயே நிலைமை தலைகீழ். போதைப்பொருள் கடத்தியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் அறிவுத்திறன் அளவு (ஐகியூ) 69தான் என்ற தகவல் பரவியது. போதைப்பொருள் சட்டத்திலும், பொருளைக் கொண்டுசெல்லும் வெறும் கூரியராக இருந்தவரின் பொறுப்பை மனக் கோளாறு கணிசமாகக் குறைத்திருந்தால் தூக்குக்குப் பதில் ஆயுள் சிறை என்ற விதி உண்டு. அது அவருக்குப் பொருந்தாது என்று நீதிமன்றங்கள் தீர்மானித்தன. கருணை கேட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், ஹோங் லிம் பூங்காவில் கூடினார்கள். 2022 ஏப்ரல் 27இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இரண்டிலும் சட்டம் கேட்டது ஏறத்தாழ ஒரே கேள்வி: மனக் கோளாறு இவரின் பொறுப்பைக் கணிசமாகக் குறைத்ததா? நாம் கேட்டது வேறு. முதல் வழக்கில் இறந்தவரின் முகமும் அந்த 24 கிலோவும் நம் கண்முன் நின்றன. இரண்டாவதில் நம் முன் நின்றது தண்டனை பெற்றவரின் முகம். யார் முகம் தெரிகிறதோ அவர் பக்கம் மனம் சாய்கிறது. மருத்துவ அறிக்கையை நம்புவதும் நம்பாததும் அதற்குப் பிறகுதான். மனித இயல்பு அது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

மக்கள் கணிப்பு எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. 1990களில் வெளியான ஆய்வு எட்டு மாநிலங்களின் கடுங்குற்ற வழக்குகளைப் பார்த்தது. மனநோய்த் தற்காப்பு முன்வைக்கப்பட்டவை 0.9 விழுக்காடுதான். அவற்றிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றே வென்றது. பொதுமக்களைக் கேட்டபோது அவர்கள் சொன்ன கணிப்பு 37 விழுக்காடு! நூறு வழக்கில் ஒன்று, மக்கள் மனத்தில் முப்பத்தேழாக வளர்ந்து நிற்கிறது. அந்த ஒன்று மட்டும் செய்தியாகிறது, மற்றவை ஆவதில்லை என்பது பெரிய காரணம்.

இந்தக் கோபத்துக்கு வயதும் அதிகம். 1843இல் லண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சியினர் தம்மைத் துரத்துகிறார்கள் என்ற பிரமை அவருக்கு. ஜூரி விடுவித்தது. நாடே கொந்தளித்தது, விக்டோரியா அரசிக்கும் பிடிக்கவில்லை. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள்தான் மக்நாட்டன் விதிகள். நம் 84ஆம் பிரிவின் வேர் அங்கே இருக்கிறது. ‘விடுதலையான’ மக்நாட்டன் மனநோய் மருத்துவமனைகளிலேயே அடைபட்டுக் கிடந்து 1865இல் இறந்துபோனார். 1981இல் அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டவருக்கு அடுத்த ஆண்டு அதே தீர்ப்பு வந்தபோதும் இதே கதைதான். கொதித்த மக்களுக்குப் பதில் சொல்லும் விதமாக 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை இறுக்கியது. சுட்டவரோ 2016 வரை மருத்துவமனையில்தான் இருந்தார்.

இங்கே ஜூரி கிடையாது. 1969இல் அந்த முறை அடியோடு எடுக்கப்பட்டது. அதனால் மக்களின் கோபம் நேராகத் தீர்ப்பில் இறங்குவதில்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்போது அது மறைமுகமாக உள்ளே வரலாம். ஆனால் அது அன்றாடம் போய் விழுகிற இடம் வேறு: மனநோயுடன் வாழ்கிறவர்களின் வீடு.

2016இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்கே ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மதுப் பிரச்சினை போன்றவற்றில் ஒன்று இருந்திருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இங்குள்ள மனநல மருத்துவமனையான மனநலக் கழகம் 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறிவிட்டது. ஆனாலும் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயரை இன்னும் கேலியாகப் பயன்படுத்துகிறோம். “உட்பிரிட்ஜுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும், கல்யாணம் ஆகாது” என்று மகனை முதலில் மந்திரிக்க அழைத்துப்போகிற அப்பாக்கள் நம்மிடையே உண்டு. கோயிலுக்குப் போவதை நான் தப்பு சொல்லவில்லை, மருந்தைத் தள்ளிப்போடுவதைச் சொல்கிறேன். ‘மென்டல் என்று நாடகம் போடுகிறான்’ என்ற பேச்சை அந்த மகனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். தன் நோயை வெளியே சொன்னால் என்ன பெயர் கிடைக்கும் என்று அவன் அதிலிருந்து தெரிந்துகொள்கிறான்.

2021 ஜூலையில் ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் 13 வயது மாணவர் கொல்லப்பட்டபோது பேச்சு கொஞ்சம் மாறியது. செய்தவருக்கு அப்போது 16 வயது. கடும் மனச்சோர்வு கண்டறியப்பட்டு, குறைந்த பொறுப்புநிலையின் அடிப்படையில் குற்றச்சாட்டு குறைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் 16 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் “எப்படித் தப்பிப்பான்?” என்பதோடு “ஏன் யாருக்கும் முன்பே தெரியவில்லை?” என்றும் பெற்றோர்கள் கேட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து இப்படி ஒரு கேள்வி அவ்வளவு பரவலாக எழுந்தது அப்போதுதான்.

அப்புறம், சிறிய குற்றங்கள். கடையில் திருடுவது, பொது இடத்தில் தகராறு செய்வது போன்றவற்றுக்கு மனநோய் பெரிய காரணமாக இருந்தால், சிறைக்குப் பதிலாகக் கட்டாயச் சிகிச்சை ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2011 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு இது. முதலில் அதிகபட்சம் 24 மாதம், 2018 திருத்தத்துக்குப் பிறகு 36 மாதம். நோயின் பங்கு என்ன, சிகிச்சை பலன் தருமா என்று நியமிக்கப்பட்ட மனநல மருத்துவர் முதலில் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆணை பெற்றவர் சொன்ன நாளில் மருத்துவரிடம் போக வேண்டும், மருந்து எடுக்க வேண்டும். தவறினால் மறுபடி நீதிமன்றத்துக்கு வர வேண்டியதுதான். அங்கே அபராதமோ, ஆணையை ரத்துசெய்துவிட்டு வழக்கமான தண்டனையோ காத்திருக்கும்.